ஆடியோ ஆப்-ஆம்ப் சுற்றுக்கு எத்தனை வோல்ட் தேவை? சிக்னலில் இருந்து தொடங்கும் கணக்கு

ப்ரீஆம்ப்ளிஃபயரோ டோன் கண்ட்ரோல் போர்டோ சொந்தமாகச் செய்யத் தொடங்கும் பலர், முதலில் கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி வைத்துவிட்டு, அது தரும் மின்னழுத்தத்துக்கு ஏற்பச் சுற்றைப் பொருத்தப் பார்க்கிறார்கள். வேறு சிலர், சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐசியின் தரவுத்தாளில் ±22 வோல்ட் (கிரவுண்டுக்கு மேலே 22, கீழே 22) வரை தாங்கும் என்று எழுதியிருப்பதைக் கண்டு, எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறோமோ அவ்வளவு தெளிவான ஒலி கிடைக்கும் என்று நம்புகிறார்கள். சரியான வழி இந்த இரண்டுக்கும் நேர் எதிரானது. சுற்றில் எந்த இடத்தில் சிக்னல் மிக உயரமாக எழுகிறது, அந்த உச்சம் எத்தனை வோல்ட் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதனுடன் ஆப்-ஆம்ப் தன் வேலைக்காக எடுத்துக்கொள்ளும் பங்கைச் சேர்க்க வேண்டும். வருகிற விடை ஐசியின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரும் இதற்கெல்லாம் பிறகே வர வேண்டும். இந்த வரிசையைப் பின்பற்றினால் தேவையற்ற சூடும் செலவும் குறைவதோடு, சிக்னல் எங்கே வெட்டுப்படும் (உச்சி தட்டையாகி ஒலி கெடும்) என்பதும் சாலிடர் இரும்பைச் சூடாக்கும் முன்பே தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு சுற்றை முன்னால் வைத்துக்கொள்வோம். சிடி பிளேயர் அல்லது டிஏசியில் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) இருந்து வரும் சிக்னலை வாங்கி, பாஸ், டிரெபிள் கட்டுப்பாடுகளைக் கொடுத்து, பவர் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் ஸ்டீரியோ போர்டு. ஐசி என்இ5532. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது: சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1970களின் இறுதியில் கொண்டுவந்த இந்த ஐசி, குறைந்த இரைச்சலுக்காகவும் 600 ஓம் சுமையை நேரடியாக இயக்கும் திறனுக்காகவும் இன்றுவரை ஆடியோ சுற்றுகளில் முன்வரிசையில் நிற்கிறது, விலையும் குறைவு.

உச்சத்தைக் கணக்கிடுதல்

சிடி பிளேயரின் முழு அளவு சிக்னல் வழக்கமாக 2 வோல்ட் ஆர்எம்எஸ். மல்டிமீட்டர் ஏசியில் காட்டுவது, ஒரு வகைச் சராசரியான இந்த ஆர்எம்எஸ் மதிப்பைத்தான். ஆனால் மின்வழங்கலின் எல்லையில் போய் முட்டுவது ஆர்எம்எஸ் அல்ல, அலையின் உச்சி. சைன் அலைக்கு உச்சி என்பது ஆர்எம்எஸ் மதிப்பின் 1.414 மடங்கு, ஆகவே 2 வோல்ட் ஆர்எம்எஸ் என்பது கிரவுண்டுக்கு மேலே 2.83 வோல்ட், கீழே 2.83 வோல்ட். ஸ்டுடியோக் கருவிகளில் அளவுகள் வேறு. அங்கே வழக்கமான வேலை நிலை +4 டிபியு (0.775 வோல்ட் ஆர்எம்எஸ்ஸைச் சுழியாகக் கொண்ட டெசிபல் அளவு), அதாவது 1.23 வோல்ட் ஆர்எம்எஸ். ஆனால் திடீரென எழும் உச்சங்களுக்கு இடம் வேண்டும் என்பதால், +20 அல்லது +24 டிபியு வரை வெட்டுப்படாமல் கொடுக்கும்படி அந்தக் கருவிகளை வடிவமைக்கிறார்கள். +24 டிபியு என்பது 12.3 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சத்தில் 17.4 வோல்ட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ±18 வோல்ட் மின்வழங்கலுக்கு உண்மையான தேவை எங்கிருந்து வந்தது என்பதை அதுவே விளக்குகிறது.

நம் போர்டுக்கு வருவோம். 2.83 வோல்ட் உச்சம்தானே, ±5 வோல்ட் போதுமே என்று முதல் பார்வையில் தோன்றும். டோன் கண்ட்ரோலைக் கணக்கில் சேர்க்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. பீட்டர் பாக்சண்டால் 1952இல் வெளியிட்ட டோன் கண்ட்ரோல் சுற்றின் வழிவந்த போர்டுகளில், பாஸ் குமிழை முழுவதும் திருப்பினால் 12 டெசிபல் அல்லது அதற்கும் மேல் கூடும். 12 டெசிபல் என்றால் 4 மடங்கு. முழு அளவில் பதிவான பாஸ் கிட்டார் ஒலியோ தவில் ஒலியோ அந்த அலைவரிசையில் வந்தால், 2 வோல்ட் ஆர்எம்எஸ் 8 வோல்ட் ஆர்எம்எஸ் ஆகிறது, உச்சம் 11.3 வோல்ட். இதுதான் நாம் தேடிய எண்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் டோன் கண்ட்ரோலுக்கு முன்னால் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ பெருக்கும் ஒரு நிலையை வைத்து, வால்யூம் குமிழைக் கடைசியில் வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் 11.3 வோல்ட் என்பது 22.6 வோல்ட் ஆகிவிடும். அந்த உச்சத்தை எந்தச் சாதாரண ஆப்-ஆம்ப்பும் எந்த மின்வழங்கலிலும் கொடுக்க முடியாது. வால்யூமைக் குறைத்து வைத்தாலும் பாஸ் கரகரக்கிறது என்ற புகாருக்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம்: சிக்னல் வால்யூம் குமிழை வந்தடையும் முன்பே வெட்டுப்பட்டிருக்கிறது. வோல்டேஜைக் கூட்டினால் இது தீராது. வால்யூமை முன்னால் கொண்டுவந்து, பெருக்கத்தைப் பின்னால் தள்ளுவதே தீர்வு. மின்னழுத்தத்தைத் தேர்வு செய்வதற்கு முன், ஒவ்வொரு நிலையின் வெளியீட்டிலும் உச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒரே ஒரு நிலை மட்டும் மற்றவற்றைவிட மிக உயரமாக இருந்தால், குறை மின்வழங்கலில் இல்லை, பெருக்கத்தைப் பங்கிட்ட விதத்தில் இருக்கிறது.

கூடுதல் இடம் எவ்வளவு விட வேண்டும் என்பது சிக்னல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. டிஜிட்டல் கருவியில் 2 வோல்ட் என்பது அதன் உச்சவரம்பு; அதைத் தாண்டி அது கொடுக்காது என்பதால், கணக்கிட்ட உச்சத்துக்கு மேல் ஒன்றிரண்டு டெசிபல் இருந்தாலே போதும். மைக் அல்லது கிட்டாருக்கு அப்படியொரு வரம்பு கிடையாது. பாடுபவர் மைக்கை நெருங்கினாலே சிக்னல் பல மடங்கு எழும். அங்கே வழக்கமான அளவுக்கு மேல் குறைந்தது 10 டெசிபலாவது, முடிந்தால் 20 டெசிபல் இடம் விட வேண்டும்.

ஆப்-ஆம்ப் தனக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு

±15 வோல்ட் கொடுத்தால் வெளியீடு ±15 வரை போகும் என்பது தவறான எண்ணம். 5532இன் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் அவற்றை இயக்கும் நிலையும் வேலை செய்ய இரு பக்கமும் சில வோல்ட் மிச்சம் இருக்க வேண்டும். தரவுத்தாளின்படி, ±15 வோல்ட் மின்வழங்கலில் 600 ஓம் சுமைக்கு வழக்கமாகக் கிடைப்பது ±13 வோல்ட். உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்வது ±12 மட்டுமே. சுமை 10 கிலோ ஓம் போல இலேசாக இருந்தால் இன்னும் சற்று மேலே போகும். வடிவமைக்கும்போது ஒரு பக்கத்துக்கு 2 வோல்ட் இழப்பு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. டிஎல்072 என்ற மற்றோர் ஆப்-ஆம்ப்பில் சுமையின் பாதிப்பு இன்னும் அதிகம்: 10 கிலோ ஓமுக்கு ±13.5 வரை கொடுக்கும் அதே ஐசி, 2 கிலோ ஓம் சுமையில் ±12க்கு இறங்கிவிடும். வெளியீட்டில் இருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பின்னூட்ட மின்தடைகளும் ஐசிக்குச் சுமைதான் என்பதை மறக்கக் கூடாது.

இப்போது கணக்கு எளிது. நம் உச்சம் 11.3 வோல்ட், இழப்பு 2 வோல்ட், மொத்தம் 13.3. ±12 வோல்ட் போதாது. ±15 போதும், 1.7 வோல்ட் மிச்சமும் இருக்கிறது. 15 வோல்ட் தரும் 7815 ரெகுலேட்டரின் வெளியீடு 4 விழுக்காடு வரை மாறுபடலாம் என்பதால் மோசமான நிலையில் 14.4 வோல்ட்தான் வரும், அப்போதும் 12.4 வோல்ட் உச்சம் கிடைக்கிறது. பாஸ், டிரெபிள் எதுவும் இல்லாத, இரண்டு மடங்கு மட்டும் பெருக்கும் ஒரு லைன் போர்டாக இருந்தால் உச்சம் 5.66 வோல்ட், அதற்கு ±9 வோல்ட்டே தாராளம். அப்படிப்பட்ட போர்டுக்கு ±12 கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. ±18 கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

மின்னழுத்தத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் ஆதாயத்தை டெசிபலில் பார்த்தால்தான் அதன் உண்மையான மதிப்பு புரியும். 2 வோல்ட் இழப்பு என்ற அதே கணக்கில், ±12 வோல்ட்டில் 5532 கொடுக்கும் அதிகபட்சம் 7.1 வோல்ட் ஆர்எம்எஸ், அதாவது +19.2 டிபியு. ±15இல் 9.2 வோல்ட், +21.5 டிபியு. ±17இல் 10.6 வோல்ட், +22.7 டிபியு. ±18இல் 11.3 வோல்ட், +23.3 டிபியு. பன்னிரண்டில் இருந்து பதினைந்துக்குப் போனால் 2.3 டெசிபல் கிடைக்கிறது. பதினைந்தில் இருந்து பதினெட்டுக்குப் போனால் 1.8 டெசிபல். காது ஒரு டெசிபல் வேறுபாட்டை அருகருகே வைத்துக் கேட்டால்தான் உணரும், அந்த 1.8 டெசிபலுக்காக ஐசியை அதன் எல்லைக்குப் பக்கத்தில் நிறுத்துவதா என்பதை ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். ஸ்டுடியோக் கருவிக்கு +24 டிபியு கட்டாயம் என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். அப்போதும் சமநிலை வெளியீட்டில் இரண்டு ஆப்-ஆம்ப்கள் எதிரெதிர்த் திசையில் இயங்கி 6 டெசிபலைக் கூடுதலாகத் தந்துவிடுவதால், பல இடங்களில் ±15 வோல்ட்டே போதுமானதாகிவிடுகிறது. வீட்டில் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று அல்லது இரண்டு வோல்ட் ஆர்எம்எஸ் உள்ளீட்டிலேயே தன் முழுத் திறனை அடைந்துவிடும். ப்ரீஆம்ப் 11 வோல்ட் கொடுக்க முடிந்தாலும் அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

மேல் எல்லை

தரவுத்தாளில் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று, தாண்டினால் ஐசி கெட்டுப்போகக்கூடிய எல்லை. மற்றொன்று, தொடர்ந்து இயக்கப் பரிந்துரைக்கும் வரம்பு. 5532க்கு முதல் எண் ±22. பழைய வகை டிஎல்072க்கும் ஆர்சி4558க்கும் அது ±18. எல்எம்4562 என்ற புதிய ஆடியோ ஆப்-ஆம்ப்புக்கு மொத்தம் 36 வோல்ட், இயக்க வரம்பு ±17 மட்டுமே. ±18 வோல்ட்டில் 5532 நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த போர்டில், மேம்படுத்துகிறேன் என்று அதே சாக்கெட்டில் எல்எம்4562ஐச் செருகினால், அந்த ஐசி முதல் நொடியிலேயே அதன் இறுதி எல்லையில் நிற்கும். ரெகுலேட்டர் சற்று மேலே போனால் தாண்டிவிடும். வேறு ஐசியை மாற்றிப் பார்க்கும் ஆசை யாருக்கு இருந்தாலும், போர்டை ±15இல் அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் இரட்டை மின்வழங்கலுக்கான ஆடியோ ஆப்-ஆம்ப்களில் பெரும்பாலானவை அந்த மின்னழுத்தத்திலேயே அளந்து விவரிக்கப்பட்டிருக்கின்றன.

±15 என்ற இந்த எண் ஆடியோவில் பிறந்ததல்ல. ஆப்-ஆம்ப்கள் முதலில் கணக்குப் போடும் அனலாக் கணினிகளுக்காகச் செய்யப்பட்டவை. 1952இல் ஃபில்பிரிக் நிறுவனம் விற்ற கே2-டபிள்யூ என்ற வால்வு ஆப்-ஆம்ப் ±300 வோல்ட்டில் இயங்கி ±50 வோல்ட் வெளியீடு கொடுத்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் கணக்கீட்டுச் சிக்னலின் எல்லை ±10 வோல்ட் என்று நிலைத்தது. அந்தப் பத்து வோல்ட்டைத் தயக்கமின்றிக் கொடுக்கப் பதினைந்து வோல்ட் மின்வழங்கல் தேவைப்பட்டது. நாம் இன்று போடும் அதே கணக்குதான் அது.

மின்னழுத்தம் தராதவை

வோல்டேஜைக் கூட்டினால் இரைச்சல் குறையாது. 5532இன் உள்ளீட்டு இரைச்சல் ±5இலும் ±15இலும் ஏறக்குறைய ஒன்றே. மேலே உள்ள இடம் மட்டும்தான் கூடுகிறது. வேகமும் கூடாது. இதற்கு 4558 நல்ல எடுத்துக்காட்டு. கடைகளில் கிடைக்கும் பாஸ்-டிரெபிள் போர்டுகளில் மிகுதியாகக் காணப்படும் ஐசி அது. என்ஜேஎம்4558இன் ஸ்லூ ரேட் (வெளியீடு மாறக்கூடிய அதிகபட்ச வேகம்) மைக்ரோ நொடிக்கு 1 வோல்ட். 20 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை அந்த வேகத்தில் அதிகபட்சம் 8 வோல்ட் உச்சம் வரைதான் கொடுக்க முடியும். மின்வழங்கலை ±12இல் இருந்து ±15க்கு உயர்த்தினாலும் அந்த அலைவரிசையில் எதுவும் கூடாது. நல்லவேளையாக, இசையில் அவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் முழு அளவு சிக்னல் வருவது மிக அரிது. பாஸ் பக்கத்தில் கூடுதல் வோல்ட் பயன்படவே செய்யும். 5532க்கு ஸ்லூ ரேட் 9 வோல்ட் என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

மின்னோட்டத்தின் கதையும் இதுதான். 32 ஓம் ஹெட்ஃபோனை 5532 நேரடியாக இயக்கும்போது, அதன் உள்ளே இருக்கும் மின்னோட்ட வரம்பு ஏறக்குறைய 38 மில்லி ஆம்பியர். 38 மில்லி ஆம்பியர் 32 ஓமில் உண்டாக்குவது 1.2 வோல்ட் உச்சம் மட்டுமே. ±15 கொடுத்தாலும் ±5 கொடுத்தாலும் அந்த 1.2 வோல்ட்தான், மிச்சமுள்ள வோல்டேஜ் முழுவதும் ஐசிக்குள் சூடாக மாறும். ஹெட்ஃபோனுக்கு வேண்டியது கூடுதல் வோல்ட் அல்ல, 70 மில்லி ஆம்பியர் கொடுக்கும் என்ஜேஎம்4556ஏ போன்ற ஐசியோ மின்னோட்டத்தைக் கூட்டித் தரும் தனியான பஃபரோதான்.

சூட்டையும் ஒரு வரியில் கணக்கிட்டுவிடலாம். 5532 சும்மா இருக்கும்போதே வழக்கமாக 8 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. ±15இல் அது 240 மில்லி வாட். எட்டுக் கால் பிளாஸ்டிக் உறையில் ஏறக்குறைய 24 டிகிரி உயர்வு. தரவுத்தாள் அனுமதிக்கும் அதிகபட்சமான 16 மில்லி ஆம்பியர் இழுக்கும் ஐசி ±18இல் இருந்தால் 576 மில்லி வாட். விரல் வைத்தால் நன்றாகவே சுடும்.

டிரான்ஸ்ஃபார்மரும் ரெகுலேட்டரும்

±15 என்று முடிவாகிவிட்டது. இனி, +15 தரும் 7815, -15 தரும் 7915 ரெகுலேட்டர்களுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்? 15 வோல்ட் வெளியீட்டுக்கு 15-0-15 (நடு முனையில் இருந்து இரு பக்கமும் 15 வோல்ட் ஏசி) என்று பெயரை வைத்தே வாங்கிவிடுகிறவர்கள் அதிகம். 230 வோல்ட் லைனில் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தில்) அது வேலையும் செய்யும்: 15 வோல்ட் ஏசியின் உச்சம் 21.2, டயோடில் 1 வோல்ட் போகிறது, ஃபில்டர் கெப்பாசிட்டரில் 1 வோல்ட் ரிப்பிள் (மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்) இருந்தால் பள்ளத்தில் 19.2 வோல்ட் மிஞ்சும். ரெகுலேட்டருக்கு வெளியீட்டைவிட 2 வோல்ட் அதிகமாக, 17 வோல்ட் வேண்டும். ஆகவே சரி. ஆனால் மாலையில் லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்கள் நம்மிடம் பல உண்டு. அப்போது 21.2 என்பது 18.4 ஆகி, பள்ளத்தில் 16.4 வோல்ட்தான் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ரெகுலேட்டர் பிடியை விட்டுவிடும். ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கும். அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப் இல்லாதவர் இதைக் கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் வயர்கள் வளையமாகி எழுப்பும் ஹம்) என்று எண்ணிக்கொண்டு, ஷீல்டு வயரை மாற்றி மாற்றிச் சலித்துப்போவார். சில மணி நேரம் மட்டும் வந்து மறையும் ஹம் என்றால், முதலில் லைன் வோல்டேஜை அளந்து பாருங்கள்.

18-0-18 டிரான்ஸ்ஃபார்மரில் லைன் 200 ஆக இறங்கினாலும் பள்ளத்தில் 20 வோல்ட் இருக்கும். மறுபக்கம், லைன் 250க்கு ஏறி, சுமையும் இலேசாக இருந்தால், சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் எழுதியிருப்பதைவிட 20 விழுக்காடு வரை கூட்டிக் கொடுக்கும் என்பதையும் சேர்த்து, கெப்பாசிட்டரில் 32 வோல்ட் வரை எழலாம். 7815இன் உள்ளீட்டு எல்லை 35 வோல்ட், எனவே தாங்கும். ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு மட்டும் 35 வோல்ட் ரகம் போதாது, 50 வோல்ட் ரகமே போட வேண்டும். ±15 வோல்ட் ரெகுலேட்டருக்கு 18-0-18, ±12 ரெகுலேட்டருக்கு 15-0-15 என்பது நம் லைன் நிலைமைக்குப் பொருந்தும் இணை. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் 7812, 7912 போட்ட போர்டுகள் நிறையவே இருக்கின்றன. லைன் 200க்கு இறங்கும்போது அவற்றில் பள்ளம் 12.8 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது, தேவையோ 14.

ரிப்பிளுக்கான கணக்கு: 50 ஹெர்ட்ஸ் லைனில் கெப்பாசிட்டர் 10 மில்லி நொடிக்கு ஒருமுறை நிரம்புகிறது. 100 மில்லி ஆம்பியர் சுமைக்கு 1000 மைக்ரோ ஃபாரட் போட்டால் ரிப்பிள் 1 வோல்ட். 2200 போட்டால் பாதிக்கும் கீழே. ஐந்து 5532 வைத்த போர்டு வழக்கமாக 40 மில்லி ஆம்பியரும், மோசமான நிலையில் 80 மில்லி ஆம்பியரும் இழுக்கும். சுமைக்குப் போவதையும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 100 மில்லி ஆம்பியரில் 7815 ஏறக்குறைய 0.9 வாட்டைச் சூடாக்கும். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் கிட்டத்தட்ட 60 டிகிரி உயர்வு. மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் அது ஏற்கத் தக்கதல்ல. ஒரு சிறிய அலுமினியத் தகடு போதும், ஆனால் 7915இன் உலோக முதுகு கிரவுண்டுடன் அல்ல, உள்ளீட்டுடன் இணைந்தது. மைக்கா தாளும் புஷ்ஷும் இல்லாமல் பெட்டியில் திருகினால் ஷார்ட் ஆகும். அதன் கால் வரிசையும் வேறு: 7815இல் உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு, 7915இல் கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. இரண்டு வெளியீடுகளில் இருந்தும் கிரவுண்டுக்கு, வழக்கமாக மின்னோட்டம் பாயாத திசையில், 1என்4002 டயோடு ஒவ்வொன்று போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் முந்திக்கொண்டு எழும்போது மறுபக்கத்தை எதிர்த் திசைக்கு இழுத்து, ரெகுலேட்டர் கிளம்பாமலே நின்றுவிடுவதை அது தடுக்கும்.

±17 வோல்ட் உறுதியாக வேண்டும் என்பவர்கள், இரண்டு மின்தடைகளால் வெளியீட்டை அமைக்கும் எல்எம்317, எல்எம்337 ரெகுலேட்டர் இணையை எடுத்துக்கொள்ளலாம். 240 ஓமும் 3 கிலோ ஓமும் போட்டால் 17 வோல்ட்டுக்கு மிக அருகில் வரும்.

பவர் ஆம்ப்ளிஃபயரின் சப்ளையில் இருந்து எடுத்தல்

தனி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், பவர் ஆம்ப்ளிஃபயரின் ±35 வோல்ட்டில் இருந்து மின்தடையும் ஜீனரும் (மின்னழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்தும் டயோடு) வைத்து ±15 எடுப்பது பரவலான வழக்கம். செலவு மிகக் குறைவு. கணக்கைச் சரியாகப் போட்டால் குறையும் இல்லை. இரண்டு 5532க்கு 16, வெளியீட்டுச் சுமைக்கு 4, மொத்தம் 20 மில்லி ஆம்பியர், ஜீனருக்கு 5. 35இல் இருந்து 15 போக 20 வோல்ட்டை 25 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 800 ஓம். அதற்குக் கீழே கிடைக்கும் மதிப்பு 680 ஓம் என்று பலர் நிறுத்திவிடுவார்கள். பாட்டு உரக்க ஒலிக்கும்போது பவர் சப்ளை 28 வோல்ட்டுக்குத் தளர்வதை யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் 680 ஓம் வழியாக வருவது 19 மில்லி ஆம்பியர் மட்டுமே, ஐசிகளுக்கே போதாது. ஜீனர் விலகிக்கொள்ளும், ப்ரீஆம்ப்பின் வோல்டேஜ் பாஸ் அடிக்கேற்ப ஆடும். 28 வோல்ட்டை வைத்தே கணக்கிட வேண்டும்: 13 வோல்ட்டை 25 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 520, ஆகவே 470 ஓம். 35 வோல்ட்டில் அது 0.85 வாட் எரிக்கும் என்பதால் 2 வாட் மின்தடை போடுங்கள். ஜீனர் 1என்4744ஏ போன்ற 15 வோல்ட், 1 வாட் ரகம்.

ஒற்றை சப்ளை

பேட்டரியோ அடாப்டரோ மட்டும் இருக்கும்போது, மின்னழுத்தத்தின் பாதியில் சிக்னலை நிறுத்தி இயக்குகிறோம். 9 வோல்ட் என்பது உண்மையில் ±4.5 வோல்ட். கிட்டார் பெடல்களில் டிஎல்072 இப்படித்தான் ஓடுகிறது. இங்கே வெளியீட்டைவிட உள்ளீடுதான் முதலில் திணறும். டிஎல்072இன் உள்ளீடு, எதிர்மறைப் பக்கத்தில் இருந்து வழக்கமாக 3 வோல்ட், உறுதியாகச் சொல்வதானால் 4 வோல்ட் விலகி இருக்க வேண்டும். 4.5 வோல்ட்டில் நிற்கும் சிக்னல் கீழே 1.5 வோல்ட் இறங்கினாலே எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கும் கீழே போனால் வெளியீடு வெறுமனே வெட்டுப்படாமல், திடீரெனத் தலைகீழாகப் புரண்டு மேல் எல்லைக்குத் தாவும். காதுக்கு அது மிகக் கொடூரமான வெடிப்பாகக் கேட்கும். கிட்டாரைக் கடுமையாக மீட்டும்போது 1 வோல்ட்டுக்கு மேலும் எழக்கூடும், பேட்டரி 7.5 வோல்ட்டுக்கு வடிந்தால் இடம் 0.75 வோல்ட்டாகச் சுருங்கும். சிக்னலைத் தலைகீழாக்கிப் பெருக்கும் இன்வெர்ட்டிங் உள்ளீட்டில் கொடுத்தால் இரண்டு உள்ளீடுகளும் 4.5 வோல்ட்டிலேயே அசையாமல் நிற்கும். இந்தத் தொல்லை எழாது. அல்லது 18 வோல்ட்டுக்குப் போகலாம். போவதற்கு முன் பெடலுக்குள் 16 வோல்ட் ரக எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இருக்கிறதா, 10.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ஐசிஎல்7660 சார்ஜ் பம்ப் (மின்னழுத்தத்தை மாற்றித் தரும் ஐசி) இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.

12 வோல்ட் அடாப்டரில் 5532க்கு ±6, இழப்பு போக 4 வோல்ட் உச்சம், 2.8 வோல்ட் ஆர்எம்எஸ். 2 வோல்ட் ஆர்எம்எஸ் சிக்னலை ஒரு மடங்கில் அனுப்பும் பஃபருக்கு இது போதும். டோன் கண்ட்ரோலுக்குப் போதாது. யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் 5532ஐப் போடுவதில் பொருளே இல்லை: 0.5 வோல்ட் உச்சம் தேறினால் பெரிது. அங்கே டிஎஸ்922 போன்ற, வெளியீடு சப்ளையின் எல்லையை ஒட்டிப் போகும் ரெயில்-டு-ரெயில் ஐசிதான் வேண்டும். அதுவும் 2.4 வோல்ட் உச்சம், 1.7 வோல்ட் ஆர்எம்எஸ் வரையே தரும். சிடி பிளேயரின் முழு 2 வோல்ட்டை உள்ளே விடும் முன் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும்.

அருகில் இருக்கும் மற்ற ஐசிகளும் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும். உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க சிடி4066 அனலாக் சுவிட்ச் வைத்தால், அதற்கு மொத்தம் 18 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதன் வழியே செல்லும் சிக்னலும் அதன் சப்ளைக்குள் அடங்க வேண்டும். ±7.5இல் அதை இயக்கினால், ±15இல் இருக்கும் ஆப்-ஆம்ப்பின் 13 வோல்ட் உச்சம் அதன் உள்ளே நுழைய அனுமதிக்கலாகாது. சுவிட்சை டோன் கண்ட்ரோலுக்கு முன்னால், சிக்னல் 2.83 வோல்ட்டாக இருக்கும் இடத்தில் வையுங்கள்.

ஐசியைச் செருகும் முன்

சாக்கெட்டுகள் காலியாக இருக்கும்போதே மின்சாரம் கொடுத்து, கிரவுண்டில் இருந்து 8ஆம் காலில் +15, 4ஆம் காலில் -15, இரண்டிலும் 0.6 வோல்ட் கூடக்குறைய இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஏசி நிலையில் மீட்டர் சில மில்லி வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் பிடிக்கவில்லை என்று பொருள். ஒவ்வொரு 5532க்கும் 8ஆம், 4ஆம் கால்களுக்கு இடையே, ஐசியை ஒட்டியே, 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். அது தள்ளி இருந்தால் ஐசி காதுக்கு எட்டாத அலைவரிசையில் தானே அலைந்து, காரணம் தெரியாமல் சூடாகும். மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டர்கள் வடிந்தபின் ஐசியைச் செருகுங்கள். வெளியீட்டுக் கால்களான 1, 7 இரண்டிலும் டிசி சில பத்து மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஸ்கோப் கிடைத்தால், 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, வெளியீட்டின் உச்சி தட்டையாகும் வரை மெல்லக் கூட்டுங்கள். ±15இல் அது 13 வோல்ட்டை ஒட்டி, மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தட்டையாக வேண்டும். 10 வோல்ட்டிலேயே தட்டையானால் சுமை அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, பின்னூட்ட மின்தடைகளின் மதிப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முந்தி வெட்டுப்பட்டால், அந்தப் பக்கத்து ரெகுலேட்டரின் வெளியீட்டைச் சிக்னல் ஓடும்போதே மறுபடியும் அளந்து பாருங்கள்.